மாணவர் கையில் தராசு



கல்லூரியில் மாணவர்களின் நடத்தையை மாணவர்களே விசாரித்துத் தீர்ப்பளிக்கும் மன்றங்கள் இருக்கலாமா, இருந்தால் அவற்றை எவ்விதம் சீர்திருத்துவது என்பது எனக்கு இடப்பட்ட பொருள். இருக்கலாமா என்று ஐயுறுவோருக்கு என் முதல் விடை, அவை ஏற்கெனவே இருக்கின்றன என்பதுதான். திருத்தணியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் சென்ட்ரல் நோக்கி வருகின்ற காலை மின்சார ரயிலில் ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஏறிப் பாருங்கள். எந்தப் பெட்டி எவருக்கு உரியது, ஜன்னலோரத்தில் அமரும் பாத்தியதை எவருக்கு, பெட்டியின் தகரத்தைத் தட்டிக் கானா பாடும்போது முதலடி எடுப்பவன் யார், எவன் வந்தால் முதலாண்டுப் பையன் எழுந்து நிற்க வேண்டும், எதிர்க் கல்லூரியின் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒருவன் ஏறிவிட்டால் அவனை என்ன செய்வது என்பனவெல்லாம் அங்கே எழுதாச் சட்டமாக நிர்ணயிக்கப்பட்டிருக்கின்றன. நிர்ணயிப்பவனுக்கு ‘ரூட்டு தல’ என்று பெயர். குற்றம் சாட்டுபவன் அவன்; விசாரிப்பவன் அவன்; தீர்ப்புச் சொல்பவனும் அவனே. மேல்முறையீடு கிடையாது.

இந்த நியாய பரிபாலனத்தின் விளைவுகளைத் தாங்கள் அறிவீர்கள். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில், பேருந்தில் வந்த மாணவர்களைக் கத்தியோடு துரத்தியவர்களும் மாணவர்களே. அதன் பின்னர் போலீசார் ‘ரூட்டு தல’களைத் தேடிப் பிடித்து நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கினார்கள். பிணை எழுதி வாங்கியும் பகை அடங்கவில்லை என்பதற்கு, 2024 அக்டோபரில் சென்ட்ரல் நிலையத்தருகே தாக்கப்பட்டு உயிரிழந்த மாநிலக் கல்லூரி மாணவனே சாட்சி. அவன் திருத்தணிப் பக்கத்துப் பிள்ளை. நம்முடைய இந்த ரயில்தடத்தில் அன்றாடம் வந்து போனவன். அவனைத் தாக்கியதாகக் கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள்.

இளைஞர்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளும் சக்தி இல்லை என்று சொல்பவர்கள் அந்த ரயில் பெட்டியைப் பார்க்காதவர்கள். சக்தி வேண்டிய அளவுக்கு இருக்கிறது, முறைதான் இல்லை. வெளிச்சத்தில் ஓர் ஆசனம் போட்டு, விதிகளை எழுதிக் கையில் கொடுத்து, ‘உட்கார்ந்து விசாரியுங்கள்’ என்று நாம் சொல்லாத காரணத்தால், அவர்கள் இருட்டில் தாமாக ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் பேரவைத் தேர்தலே நெடுங்காலமாக நடைபெறுவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2023-ல் மாணவர் குறைதீர்ப்புக்கென விதிகளை வெளியிட்டதே, அதில் மாணவருக்கு என்ன ஸ்தானம் என்று பார்த்தால், குறைதீர்ப்புக் குழுவின் அங்கத்தினர்களெல்லாம் ஆசிரியர்கள். மாணவப் பிரதிநிதி ஒருவர், அவரும் சிறப்பு அழைப்பாளர், அவரும் தேர்ந்தெடுக்கப்படுபவர் அல்லர், நியமிக்கப்படுபவர். கலியாண வீட்டில் பந்திக்கு அழைத்துவிட்டு இலை போடாமல் உட்கார வைப்பது போன்ற மரியாதை இது.

ஆனால் மாணவர்கள் கையில் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கல்லூரி நிர்வாகம் இன்று நடத்துகிற விசாரணையை அப்படியே மாணவர்கள் நகலெடுப்பார்களாயின், ரயில் பெட்டியின் நியாயத்துக்கு லெட்டர்ஹெட் ஒன்று கிடைக்குமேயொழிய வேறு மாற்றம் நிகழாது. கல்லூரி ஒன்றின் தாழ்வாரத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஒரு தகப்பனார், அரை ஷிப்டை இழந்து, எண்ணெய்க் கறை போகாத சட்டையோடு, முதல்வர் அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகன் செய்த குற்றம் என்னவென்று அவருக்கும் தெரியாது, மகனுக்கும் முழுமையாகத் தெரியாது. உள்ளே போன கால் மணி நேரத்தில் மன்னிப்புக் கடிதம் ஒன்று சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. தகப்பனார் அதன் அடியில் கையெழுத்திட்டார். அடுத்த முறை டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிடுவோம் என்ற வாக்கியத்தோடு விசாரணை முற்றுப்பெற்றது.

அந்தத் தகப்பனாரை அவர் வேலை செய்யும் ஆலையிலிருந்து அவ்வளவு சுலபத்தில் வெளியே அனுப்பிவிட முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். 1946-ல் பிறந்த நிலையாணைச் சட்டம் இந்த நாட்டுத் தொழிலாளிக்குப் பழக்கப்படுத்திய ஒரு மரபு இருக்கிறது. இன்ன தேதியில் இன்ன இடத்தில் இன்ன குற்றம் என்று எழுத்தில் சார்ஜ் ஷீட் தர வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். விசாரணை அதிகாரி குற்றம் சாட்டியவராக இருக்கக் கூடாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல உடன் வேலை செய்யும் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளத்தைப் பிழைப்பூதியமாகக் கொடுத்தே ஆக வேண்டும். எஸ்டேட்டின் டீக்கடைகளில் ‘என்கொயரி’ என்ற சொல் காதில் விழாத நாளில்லை. நட்டு முறுக்குகிற தந்தைக்கு வாய்த்த இந்த உரிமை, அரசியல் சாசனத்தைப் பாடமாகப் படிக்கிற மகனுக்கு வாய்க்கவில்லை என்பது விசித்திரமல்லவா?

நீதிமன்றங்கள் வழி காட்டாமலில்லை. உத்தரப் பிரதேசத்தின் தேர்வு வாரியம், முறைகேடு செய்ததாகச் சொல்லி, ஒரு வார்த்தை கேட்காமல் மாணவர் மூவரின் தேர்வு முடிவுகளை ரத்து செய்தபோது, கன்ஷியாம் தாஸ் குப்தா என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-ல், ஒருவனுடைய எதிர்காலத்தை நிர்ணயிக்கும் இடத்தில் அவனைக் கேட்டே தீர வேண்டும் என்று விதித்தது. அதே நீதிமன்றம் 1973-ல் ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கில் வேறொரு நுட்பத்தையும் காட்டிற்று. மாணவியர் விடுதிக்குள் இரவில் புகுந்து அநாகரிகமாக நடந்துகொண்டதாகச் சில மாணவர்கள்மீது புகார். சாட்சி சொன்ன பெண்களை அவர்கள் முன்னே நிறுத்தினால் பின்னர் அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை. ஆகவே விசாரணைக் குழு பெண்களின் வாக்குமூலத்தைத் தனியே வாங்கி, குற்றம் சாட்டப்பட்டோரின் புகைப்படங்களை வேறு பலருடைய படங்களோடு கலந்து வைத்து அடையாளம் காட்டச் செய்தது. அது நியாயமே என்றது நீதிமன்றம். இயற்கை நீதி என்பது இடம் பார்த்து வளையும், ஆனால் இல்லாமற்போகாது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மாணவர் மன்றத்தில் அமரப்போகிறவர்களுக்கு இந்த இரண்டு தீர்ப்புகளையும் ஒருசேரக் கற்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மறுபாதி தண்டனையைப் பற்றியது. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1840-ல் முகமூடி அணிந்த மாணவன் ஒருவன் பேராசிரியர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். அந்த அதிர்ச்சியின் நிழலில், 1842-ல், தேர்வில் பிறர் உதவி பெறவில்லை என்று மாணவர் தம் மானத்தின்பேரில் பிரமாணம் செய்யும் வழக்கம் தொடங்கிற்று. காலப்போக்கில் அது முழுக்க முழுக்க மாணவர்களே நடத்தும் மன்றமாக வளர்ந்தது. பொய், களவு, தேர்வு மோசடி ஆகிய மூன்றில் எது நிரூபணமானாலும் ஒரே தண்டனை, நிரந்தர வெளியேற்றம். கம்பீரமான விதிதான். ஆனால் தண்டனை அவ்வளவு கடுமையாக இருந்தபோது, பார்த்தவன் புகார் சொல்லத் தயங்கினான், தீர்ப்பளிப்பவன் குற்றவாளி என்று சொல்லத் தயங்கினான் என்ற விமரிசனம் பல தலைமுறைகளாக அங்கே எழுந்துகொண்டிருந்தது. இறுதியில் 2022-ல் மாணவர்களே வாக்களித்து, வெளியேற்றத்தை இரண்டு பருவ விலகலாகக் குறைத்தார்கள்; மறு ஆண்டில் குற்றத்துக்கேற்பப் பலதரப்பட்ட தண்டனைகளை விதிக்க வகை செய்தார்கள். கல்லூரியை விட்டே அனுப்புவது என்ற ஒற்றைக் கோலை மட்டும் கையில் வைத்திருக்கும் நம் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நம் நிலத்தில் எப்படி நடுவது? மேடை ஏறிய தமிழன் உத்தரமேரூரைத் தொடாமல் இறங்குவது சம்பிரதாய விரோதம் ஆகையால், நானும் தொட்டுவிடுகிறேன். ஆனால் எல்லாரும் புகழும் குடத்தையும் ஓலையையும் விட்டுவிட்டு, முதற்பராந்தகன் காலத்துக் கல்வெட்டு யாரை உள்ளே விடவில்லை என்பதைப் பாருங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக் கூடாது, அவன் உறவினரும் வரக் கூடாது, அண்மையில் வாரியத்தில் இருந்தவனும் வரக் கூடாது. மாணவர் மன்றத்துக்கு இதுவே பிரதானம். ஓராண்டு இருந்தவன் மறுபடி இருக்கலாகாது. குற்றம் சாட்டப்பட்டவனின் ரயில்தடத்தையோ விடுதியையோ ஜாதியையோ சேர்ந்தவர்கள் மட்டுமே கொண்ட அமர்வு அந்த வழக்கைக் கேட்கலாகாது. ஜாதி என்று இங்கே கூசாமல் சொல்கிறேன். ஜாதிப் பகையில் பள்ளி மாணவன் வெட்டப்பட்ட நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024-ல் தந்த அறிக்கையில், பள்ளிகளில் ஜாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டதோடு சமூகநீதி மாணவர் படை ஒன்றையும் பரிந்துரைத்தது. நோக்கத்தை வணங்குகிறேன், ஆயினும் படைக்கு முன்னால் மன்றம் வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

மன்றத்தின் எல்லையையும் இப்போதே வரைந்துவிடுவோம். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவன் நாவரசு கொலையுண்ட பின், 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தை இயற்றிற்று. ராகிங், ஆயுதம், பெண்கள்மீதான வன்முறை ஆகியவை மாணவர் மன்றத்தின் வாசலைக்கூட மிதிக்கலாகாது. சமரசம் பேசும் நண்பர்களின் கையில் அவை அகப்பட்டால் மூடி மறைக்கப்படும். காப்பியடித்தல், வருகைப் பதிவில் கள்ளக் கையெழுத்து, விடுதிச் சண்டை, நூலகப் புத்தகத்தின் பக்கத்தைக் கிழித்தல், ரயிலில் பயணிகளுக்குத் தொல்லை — இவை போதும். தீர்ப்பு எழுத்தில் வர வேண்டும், காரணத்தோடு. பெயரை நீக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அப்பீல் ஒரு படி ஆசிரியர்களிடம் போகட்டும்.

கற்றுக்கொடுப்பது யார் என்ற கேள்விக்கும் இந்த மண்டபத்திலேயே விடை இருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தோழர்களில் பலர், ஆவடிப் படைத்துறைத் தொழிற்சாலைகளிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் சக தொழிலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ என்கொயரிகளில் வாதாடியவர்கள். சார்ஜ் ஷீட்டில் தேதி தவறியிருப்பதை ஒரு பார்வையில் கண்டுபிடிப்பவர்கள். இங்கு வந்திருக்கும் கல்லூரி முதல்வர்களை நான் வேண்டிக்கொள்வது இது: ஒரு சனிக்கிழமை உங்கள் கருத்தரங்கக் கூடத்தைத் திறந்து வையுங்கள். இவர்களையும் மாணவர்களையும் ஒரு மேஜையில் உட்கார வையுங்கள். கற்பனை வழக்கொன்றை எடுத்து, நோட்டீசிலிருந்து தீர்ப்புவரை ஒருமுறை நடத்திப் பாருங்கள். குற்றவாளியாக நடிக்கும் பொறுப்பை மட்டும் ஒரு பேராசிரியரிடம் கொடுங்கள்.