வேடமிட்ட எழுத்துகள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வேண்டுமென்றே செய்யும் எழுத்துப் பிழையைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். பிழைக்கும் ஒரு பேச்சா என்று புலவர் பெருமக்கள் புருவம் நெரிக்க வேண்டா. செய்யுளின் பொருட்டு வலித்தலையும் மெலித்தலையும், நீட்டலையும் குறுக்கலையும் ஒப்புக்கொண்டவை நம் இலக்கண நூல்களே அல்லவா? பந்தல் ‘பந்தர்’ ஆனால் அதற்குப் போலி என்று பெயரிட்டு வாழவைத்தார்கள்.

வணிகர்களுக்கும் இவ்வித்தை நெடுநாட் பழக்கம். அமெரிக்காவில் 1898ஆம் ஆண்டு ஒரு பிஸ்கட்டுக்கு ‘யுனீடா’ என்று பெயர் சூட்டினர். ‘உனக்கு ஒன்று வேண்டும்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரையே ஒரு சொல்லாகச் சுருக்கிய பெயர் அது. 1940இல் தில்லியில் தோன்றிய ‘குவாலிட்டி’ நிறுவனம், தரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் ‘க்யூ’ நீக்கிக் ‘கே’ இட்டு எழுதிக்கொண்டது. ஊரார்க்கெல்லாம் பொதுவான சொல்லை ஒருவர் தம் வணிகப் பெயராக உரிமை கொண்டாடுதல் அரிது. எழுத்தை மாற்றினால் பெயர் தனித்து நிற்கும். பார்ப்பவர் கண்ணும் ஒரு கணம் அங்கே நிற்கும்.

ஆனால், ‘குவாலிட்டி’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். பிழை எங்கே? மறைந்தே போயிற்று! ஆங்கிலேயர் பிழை கண்ணுக்கு மட்டும் தெரிவது. காது அதனை அறியாது. தமிழிலோ எழுத்து மாறினால் பெரும்பாலும் ஒலியும் மாறும், பொருளும் மாறக்கூடும். ஆகவே நம்மவர் விளையாட்டு வேறு வகையினது.

தமிழ்ப் பெயர் தாங்கிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு உண்டு என்று 2006இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. உடனே ‘ஜில்லுனு ஒரு காதல்’ என்ற படம் ‘சில்லுனு ஒரு காதல்’ ஆயிற்று. அதனினும் சுவையானது ‘எம்டன் மகன்’ கதை. எம்டன் என்பது 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த செருமானியப் போர்க்கப்பல். பின்னர் அது அஞ்சத்தக்க மனிதரைக் குறிக்கும் வழக்காகவே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. பெயரிலிருந்து ‘டன்’ நீங்கிற்று. ‘எம் மகன்’ பிறந்தான். இரண்டே எழுத்துகள்! வெளிநாட்டுக் கப்பல் விலக, வீட்டுப் பிள்ளை வந்து நின்றான்.

2010இல் ‘வ’ என்றே ஒரு படம் வெளிவந்தது. ‘குவாட்டர் கட்டிங்’ என்பதே முதலில் எண்ணிய பெயர். தமிழ் எண்குறிகளுள் கால் என்னும் பின்னத்தைக் குறிப்பது ‘வ’. மதுப்புட்டிக்குப் பண்டைக் கணக்கதிகாரம் துணைவந்தது தகுமா என்பது வேறு வழக்கு. பெயரிட்டவரின் கூர்மையை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் அந்த நகை யாருக்கு விளங்கும்? தமிழ் எண்களை அறிந்தவர்க்கே விளங்கும்.

இங்கேதான் நம் கவலை தொடங்குகிறது. தேவிகுளம், பீருமேடு மலைத்தோட்டங்களிலும் சித்தூர்ப் பகுதியிலும் மலையாள வழிக் கல்வி கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் உளர். மலையாளத்தில் நகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரே எழுத்து. அப்பிள்ளை தமிழில் எழுதும்போது எந்த ‘ந’ என்று திகைப்பது இயல்பே. பள்ளியில் தமிழ் கல்லாத பிள்ளைக்குக் கடைத்தெருச் சுவரொட்டியே அரிச்சுவடி. 2015இல் ‘ஆம்பள’ என்றொரு படம் வந்தது. ஆண்பிள்ளை என்பதன் பேச்சுவடிவம் அது என்று நாம் சிரிப்போம். அப்பிள்ளை சிரியாது, அதுவே சரியான எழுத்து என்று மனத்தில் பதித்துக்கொள்ளும்.

சுவரொட்டியைக் கிழிக்கச் சொல்லவில்லை, ஐயா! அதனையே பாடமாக்குங்கள். கடைத்தெருவுக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும்போது, ‘இதில் எந்த எழுத்து வேடமிட்டிருக்கிறது?’ என்று கேளுங்கள். வீடு திரும்பியதும் இரு வடிவங்களையும் அருகருகே எழுதச் சொல்லுங்கள். ஞாயிறுதோறும் அரைமணி நேரம் போதும். பலகையும் சுண்ணக்கட்டியும் சங்கம் தரும் என்று செயலாளர் அவர்களைக் கேளாமலே சொல்லிவிடுகிறேன்.