லீவு நமக்கும்தான்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்தாயிற்று. அடுத்து சினிமா, விளையாட்டு, பொழுதுபோக்கு பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். "அதுக்கெல்லாம் ஏதுக்கா நேரம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரலும் வருகிறது. அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொண்டோம்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகளுக்கு லீவு வருகிறது. அது முடிந்த கையோடு பொங்கல். வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கும் லீவு. நமக்கு? வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். பரண் மேலே கிடக்கிற பாத்திரத்தை இறக்கித் தேய்க்கணும். தலைப்பொங்கலுக்கு வருகிற மகளுக்கும் மருமகனுக்கும் ஆக்கிப் போடணும். காணும் பொங்கலுக்கு ஆற்றங்கரைக்குப் போனால் கட்டுச்சோறு கட்டுவதும் நாம்தான், தூக்குவாளியைத் திரும்ப வந்து கழுவுவதும் நாம்தான்.

இது வெறும் புலம்பல் இல்லை, கணக்கும் இருக்கிறது. மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிட்ட நேரம் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். நமக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவர்களுக்கு ஒன்றரை மணி. அந்த 88 நிமிடமும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்கு. கை வைக்காத ஆட்கள் அதில் சேர்த்தியே இல்லை!

பிடி அரிசி எடுத்து வைக்கிற மாதிரி நேரத்தையும் நாம்தான் எடுத்து வைக்கணும். யாரும் கொண்டு வந்து கொடுக்க மாட்டார்கள். லீவில் பிள்ளைகள் வீட்டில்தானே இருக்கிறார்கள். பையனோ பொண்ணோ, ஒருத்தர் பாத்திரம் கழுவட்டும், ஒருத்தர் துணி மடிக்கட்டும். வீட்டுக்காரர் கடைக்குப் போய் வரட்டும். வாரத்தில் ஒரு மதியம் நமக்குக் கிடைக்காதா?

அந்த மதியத்தில் என்ன செய்யலாம்? நம்மில் மூத்தவர்களுக்கு டூரிங் டாக்கீஸ் ஞாபகம் இருக்கும். கீற்றுக் கொட்டகை, பெண்கள் பக்கம் தனித் தடுப்பு, மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. பக்கத்துத் தெருப் பெண்களெல்லாம் சேர்ந்து போய், முறுக்கு கடித்து, அழுகிற இடத்தில் சேர்ந்து அழுது, ராத்திரி பேசிக்கொண்டே நடந்து திரும்பிய காலம் அது. வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் அந்தக் கூட்டம் கலைந்துபோனது. டிவியிலும் ரிமோட் நம் கையிலா இருக்கிறது? ஆகவே ஒரு மதியக் காட்சிக்குக் குழுவாக டவுனுக்குப் போவோம் என்கிறோம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. டிக்கெட்டுக்கும் டீக்கும் காசு எடுத்தால் போதும். அதற்குக் குழுப் பணத்தைத் தொட வேண்டாம், அவரவர் கைக்காசு.

சினிமா பிடிக்காதவர்களுக்குப் பல்லாங்குழி இருக்கிறது. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்று வைத்தால் மொத்தம் 70. ஊருக்கு ஊர் முறை மாறும். நாலு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்வது பல ஊரில் உண்டு. எந்தக் குழியில் எடுத்தால் கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போடணும். நோட்டில் கூட்டல் தடுமாறுகிற நம் உறுப்பினர்கள் சிலர் பல்லாங்குழியில் உட்கார்ந்தால், கணக்கு எழுதுகிற ஊக்குநரையே தோற்கடித்து விடுவார்கள். பலகை இல்லாவிட்டால் தரையில் குழி பறித்தே ஆடலாம். ஆடுபுலி ஆட்டத்துக்கு அதுவும் வேண்டாம், ஒரு துண்டு கரி, 3 புலி, 15 ஆடு, அவ்வளவுதான். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒருமுறை தோற்றால் மறுமுறை அவர்களே கூப்பிடுவார்கள்.

போன் விஷயத்துக்கு வருவோம். பிள்ளைகள் போனில் விளையாடுவது எல்லாமே கெடுதல் என்று சொல்ல மாட்டோம். கார் ஓட்டுவதும் கட்டம் அடுக்குவதும் அவர்கள் காலத்து விளையாட்டு. நேரம் வைத்துக் கொடுங்கள். ஆனால் காசு கட்டினால் காசு ஜெயிக்கலாம் என்று ஆசை காட்டுவது விளையாட்டில்லை, சூது.

நம் பகுதியில் ஓர் உறுப்பினர் ஆடு வாங்க 20,000 ரூபாய் கடன் எடுத்தார். அம்மாவின் போன் ரகசிய எண் தெரிந்த மகன், சீட்டாட்டத்தில் நாலே நாளில் 13,000 ரூபாயை விட்டுவிட்டான். "போலீசுக்குப் போனா புள்ளையப் புடிச்சிட்டுப் போயிருவாங்களோ" என்று பயந்து, மூன்று மாதம் யாரிடமும் வாய் திறக்காமல் வெளியே வட்டிக்கு வாங்கித் தவணை கட்டினார். விஷயம் தெரிந்தபின் குழு கூடித் தவணையை நீட்டிக் கொடுத்தது. இப்போது அவரிடம் இரண்டு குட்டிதான் இருக்கிறது.

அந்தப் பயம் வேண்டாம், சகோதரிகளே. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதில் தண்டனை நடத்துபவர்களுக்கும் விளம்பரம் செய்பவர்களுக்கும் பணம் மாற்றிக் கொடுப்பவர்களுக்கும்தான், ஆடி ஏமாந்தவர்களுக்கு இல்லை. போனில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. பணம் அனுப்பும் ரகசிய எண் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். காசில்லாத விளையாட்டும் நடுவில் 'டைமண்ட் வாங்கு, காயின் வாங்கு' என்று கேட்கும், அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

லீவு தொடங்கியதும் முதல் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு இதே இடத்தில் கூடுவோம். கூட்டப் பொருள், தீர்மானம், கையெழுத்து எதுவும் கிடையாது. பல்லாங்குழி வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். எந்தப் படத்துக்குப் போவது என்பதை இப்போதே பேசிவிடலாம். சண்டைப் படமே வேண்டாம் என்று இந்தப் பக்கம் சொல்கிறார்கள், அதுதான் வேணும் என்று அந்தப் பக்கம் சத்தம் வருகிறது. சரி, சண்டைப் படம் வேணும் என்பவர்கள் முதலில் கை தூக்குங்கள்.