தனி விழா எதற்கு?

(எழுமலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி சிலருக்கு வேடிக்கையாயும், சிலருக்கு அருவருப்பாயும் இருக்கலாம். திருநங்கையர், திருநம்பியர், ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண் ஆகியவர்களை இப்போது பால்புதுமையர் என்கிறார்கள். இவர்களுடைய எழுத்துக்கென்றே 2018 ஜூலையில் சென்னையில் குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் என்னும் அமைப்பார் ஓர் இலக்கிய விழா நடத்தினார்கள். "இலக்கியம் எல்லோருக்கும் பொதுவாயிற்றே, அதிலுமா தனிப் பந்தி?" என்று கேட்கிற பண்டிதர்கள் உண்டு.

உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக் கூவாகத்தில் வருஷந்தோறும் சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. திருநங்கையர் பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சீலை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். "இவர்களுக்குத் தனித் திருவிழா எதற்கு?" என்று எந்தப் பண்டிதராவது கேட்டதுண்டா? தாலியறுக்கக் கூடினால் பக்தி; புஸ்தகம் படிக்கக் கூடினால் பிரிவினை! இதென்ன நியாயம்?

தோழர்களே! "தனி" என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டியதில்லை. யார் பிரித்தார்கள், எதற்காகப் பிரித்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியாய்ச் சோறு போட்டார்கள். அது மேலே இருப்பவன் மற்றவனை விலக்கி வைத்த தனி. காங்கிரசில் இருந்தபோதே பெரியார் அதை எதிர்த்தார். 1938 நவம்பர் 13-ந் தேதி சென்னையில் பெண்கள் தனியே மாநாடு கூட்டினார்கள். அது அடக்கப்பட்டவர்கள் தங்கள் உரிமையைத் தாங்களே பேசக் கூடிய தனி. பெரியார் என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்ததே அந்த மாநாடுதான்!

பொது மேடை இவர்களுக்குத் திறந்திருந்ததா? இவர்களைப் பற்றி மற்றவர்கள்தான் நெடுங்காலம் எழுதினார்கள். தோழர் ரேவதியின் 'உணர்வும் உருவமும்' 2004-லும், தோழர் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007-லும் வெளிவந்தன. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவோ பலர் தலைமேல் தொங்கியது. வயது வந்தோர் மனமொத்துக் கூடுவது குற்றமல்லவென்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 2018 செப்டம்பர் 6-ல். சென்னை விழாவோ அதற்கு இரண்டு மாதம் முந்தியது. தன் வாழ்வையே குற்றமென்று சட்டம் சொல்லும் காலத்தில், எவன் பொது மேடையேறித் தன் பேரைச் சொல்லிக் கதை வாசிப்பான்?

ஆனால் ஓர் அபாயமும் உண்டு. "உங்களுக்குத்தான் தனி விழா இருக்கிறதே" என்று புத்தகத் திருவிழாக்காரர்கள் கதவடைத்தால், அது மறுபடியும் சேரன்மாதேவிப் பந்திதான். கூப்பிட்டாலும் கஷ்டத்தை மட்டும் சொல்லச் சொல்லி, எழுத்தைப் பற்றிக் கேளாமல் அனுப்பினால் அதுவும் அவமதிப்பே. ஆகவே தனி விழாவும் வேண்டும், பொது மேடையில் பங்கும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிக்க விடக்கூடாது.

இது பட்டணத்துச் சங்கதி என்று நினைக்காதீர்கள். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசித்து, பெற்றோர் எதிர்ப்பால் சென்னைக்குப் போய் ஹைகோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இவ்விஷயத்தில் அறிவு போதவில்லையென்று ஒப்புக்கொண்டு, விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்த பிறகே 2021 ஜூன் 7-ல் உத்தரவிட்டார். நீதிபதியே படிக்க வெட்கப்படவில்லை, நமக்கென்ன வெட்கம்?

நடை மாறிய பையனை அடிப்பதும், மனமில்லாத பெண்ணைக் கட்டிக் கொடுப்பதும், சாமியாடியிடம் இழுத்துப் போவதும் நம் ஊர்ப்பக்கத்து வைத்தியங்கள். அந்தப் பிள்ளை கையில் அகப்பட ஒரு புஸ்தகமாவது நம் நூலகத்தில் இருக்கிறதா? நாளைக்கே போய்க் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கும்படி மனு எழுதிக் கொடுங்கள். வாங்கிய பின் முதலில் நீங்கள் படியுங்கள் என்று கேட்டுக்கொண்டு, நமது பேச்சை இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.