வழி தவறிய இரு பறவைகள்



சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து விடியற்பொழுது ஒன்றில், எமது பாடசாலை விறாந்தையின் மூலையில் ஒரு பறவை ஒடுங்கிக் கிடந்தது. ஐந்தாம் வகுப்புச் சிறுவர் இருவர் அதனை ஒரு வெண்கட்டிப் பெட்டியில் இட்டு எனது அறைக்குக் கொணர்ந்தனர். பச்சை முதுகும், நீலந் தீட்டிய சிறகும், சிவந்த அடிவயிறும், கட்டையான வாலும் கொண்ட அதனைக் கண்ட மாத்திரத்தே ஆறுமணிக்குருவி என்று அறிந்துகொண்டேன். இமயத்தின் அடிவாரங்களிலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டி, மாரி தொடங்கும் வேளையில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது அதன் வழக்கம். இரவிலே பறக்கும் பறவையாதலால், வந்து சேர்ந்த களைப்பிற் சில வேளைகளில் வீடுகளுக்குள்ளும் புகுந்துவிடும்.

“ஐயா, இது வழிதவறி வந்ததோ?” என்று ஒரு சிறுவன் கேட்டான். “இல்லை, இது சரியான வழியில், சரியான காலத்தில் வந்திருக்கிறது. களைத்திருக்கிறது, அவ்வளவுதான்” என்றேன். அவன் விடவில்லை. “அப்படியென்றால், மெய்யாகவே வழிதவறிய பறவைக்கு என்ன நடக்கும்?” என்றான். மாலையிலே பெட்டியைத் திறந்ததும் குருவி பறந்துபோயிற்று. வினாவோ என்னிடம் தங்கிவிட்டது. அவ்வினாவுக்கு விடை தேடி நான் வாசித்தவற்றுள் இரண்டு பறவைகளின் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். இரண்டும் ஒரே குளிர்நாட்டில், மூன்றாண்டு இடைவெளியிலே, மாரிகாலத்திற் காணப்பட்டவை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையிலே மெயின் என்னும் மாநிலம் இருக்கின்றது. பாறைக் கரையும், ஊசியிலைக் காடும், நூற்றுக்கணக்கான சிறு தீவுகளும் உடைய நாடு அது. டிசெம்பரிற் குளங்கள் உறையத் தொடங்கும். மார்ச் மாதத்திலும் வீதியோரங்களிற் பனி குவிந்து கிடக்கும். அங்கே வாழும் பறவைகளுட் பெரும்பாலானவை மாரிக்கு முன்னரே தெற்கே சென்றுவிடுகின்றன. எஞ்சியவற்றைத் தேடி மாந்தர் குளிரிற் புறப்படுவதுதான் வியப்பு.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டார் சிலர் நத்தார் நாளன்று அணி அணியாகப் பிரிந்து துப்பாக்கியுடன் காட்டுக்குட் செல்வர். அதிக பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்திய அணிக்கே வெற்றி. 1900ஆம் ஆண்டு நத்தாரன்று பிராங்க் சப்மன் என்னும் பறவை நூலறிஞர், சுடுவதை விடுத்து எண்ணுவோம் என்று முன்மொழிந்தார். அன்று அவரோடு சேர்ந்து எண்ணியோர் 27 பேர். அக்கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. பல்லாயிரவர் அதிற் பங்குகொள்கின்றனர். அரிய பறவை ஒன்றைக் கண்டதாக ஒருவர் கூறினால், அக்காலத்தில் அதன் தோலைக் காட்டினாலன்றி அறிஞர் நம்பமாட்டார். ஆகையால் அரிதாக இருப்பதே ஒரு பறவைக்கு மரண தண்டனையாக இருந்தது. இன்று ஒரு புகைப்படம் போதும். நான் சொல்லப்போகும் இரு பறவைகளின் பயணமும் நமக்குத் தெரியவந்தது, அவற்றை முதலிற் கண்டவர் சுடாமல் விட்டதனாலேயே.

முதலாவது பறவை, பெருங்கரும்பருந்து. மெக்சிக்கோ தொடங்கி ஆர்ஜென்ரீனாவின் வடபகுதி வரையுள்ள வெப்பநாடுகளே அதன் தாயகம். ஆற்றோரக் காடுகளிலே பாம்பையும் பல்லியையும் தவளையையும் பிடித்துண்பது. 2018 ஏப்ரல் மாதத்தில் ரெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், சவுத் பாத்ரே தீவிலே, இவ்வினத்து இளம் பறவை ஒன்று காணப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினம் அதற்கு முன் இவ்வாறு பதிவானதில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மெயின் மாநிலத்துப் பிடிபோர்ட் என்னும் ஊரிற் கரும்பருந்து ஒன்று தோன்றியது. இரண்டு இடங்களிலும் எடுத்த படங்களை அருகருகே வைத்து, சிறகின் அடிப்புறத்து இறகுகளிலுள்ள வரிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டனர். கைரேகை பொருந்துவதுபோல வரிகள் பொருந்தின. ஒரே பறவை! ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர், அதுவும் தன் தாயகத்துக்கு நேர் எதிர்த் திசையில், பறந்து வந்திருந்தது.

நவம்பர் இறுதியில் அது போர்ட்லண்ட் நகரத்துக்கு வந்தது. நகர நடுவே டீரிங் ஓக்ஸ் என்றொரு பூங்கா உண்டு. பழைய ஓக் மரங்களும் கொழுத்த அணில்களும் நிறைந்த இடம். பருந்து அங்கேயே தங்கி அணில்களைப் பிடித்துண்ணத் தொடங்கியது. செய்தி பரவிற்று. தூர மாநிலங்களிலிருந்தெல்லாம் மக்கள் தொலைநோக்கியுங் கையுமாக வந்தனர். வீதியாற் போவோர் நின்று, “அது என்ன பறவை?” என்று கேட்க, அறிமுகமில்லாதார் தம் தொலைநோக்கியை அவர் கையிற் கொடுத்துக் காட்டினர். அந்த மாரிகாலத்தில் அப்பூங்கா ஒரு வகுப்பறையாயிற்று என்று நினைக்கையில் ஓர் ஆசிரியனுக்கு மகிழ்ச்சி உண்டாகாமற் போகுமா?

ஆயினும் நாள்தோறும் குளிர் ஏறிக்கொண்டே வந்தது. இதனைப் பிடித்துத் தெற்கே கொண்டுபோய் விடலாகாதா என்று கேட்டோர் உண்டு. காட்டுப் பறவை, நன்றாக இரை பிடிக்கின்றது. பிடிக்கும் முயற்சியே அதற்கு ஊறு விளைக்கலாம். தானாகப் போகவுங் கூடும் என்று மறுத்தோரும் உண்டு. இரு பகுதியினரையும் நான் குறை கூறேன். ஆயினும் எனது உள்ளம் முன்னவர் பக்கமே சாய்கின்றது. நாம் மாதக்கணக்காகப் பார்த்து மகிழ்ந்த ஒன்றின்மீது நமக்கு ஒரு கடமையும் இல்லை என்று சொல்ல என்னால் இயலவில்லை.

2019 ஜனவரி 20ஆந் தேதி பெரும் பனிப்புயல் வீசியது. அன்று அப்பருந்து பனிமீது விழுந்து கிடக்கக் கண்டனர். அவ்வழியாற் சென்றவர்கள் அதனை எடுத்துப் போர்த்திக் காயப்பட்ட பறவைகளைப் பேணும் நிலையம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தனர். அதன் இரு கால்களையும் உறைபனி தீய்த்திருந்தது. நம் நாட்டாருக்கு இது விளங்குவது அரிது. கடுங்குளிரில் உடல் தன் உள்ளுறுப்புகளைக் காக்கும் பொருட்டுக் கைகால்களுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துக்கொள்ளும். குருதி செல்லாத தசை உறைந்து, பின் அழுகிவிடும். குளிர்கடலில் வாழும் பறவைகளின் காலிலோ, உடலிலிருந்து இறங்கும் சூடான குருதிக் குழாயும் பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த குருதிக் குழாயும் ஒட்டியொட்டிச் செல்கின்றன. இறங்கும் குருதி தன் சூட்டை ஏறும் குருதிக்குக் கொடுத்துவிடுவதால், உடற்சூடு வீணாவதில்லை. பாதமும் உறையாத அளவுக்குக் குருதி பெறுகின்றது. பனிக்கட்டிமேல் மணிக்கணக்காக நிற்கும் வாத்துக்கு இதுவே காப்பு. வெப்பநாட்டுப் பருந்தின் கால்கள் அத்தகைய மாரிக்கென அமைந்தவை அல்ல. இரை பற்றுவதும் கிளை பற்றுவதும் காலாலன்றோ? கால் இழந்த பருந்து வாழ்தல் இல்லை. ஜனவரி 31ஆந் தேதி, துன்பம் நீடியாவண்ணம், மருத்துவர் அதன் உயிரை முடித்துவைத்தனர். பின்னர் அப்பூங்காவிலே அதற்கு ஒரு வெண்கலச் சிலை அமைத்தனர் நகரத்தார்.

சிறுவன் கேட்ட வினாவுக்கு இது ஒரு விடை. விடை இது மட்டும் அன்று.

காம்சத்கா என்னும் தீபகற்பத்தை நிலப்படத்திற் பார்த்திருப்பீர்கள். இரசியாவின் கீழ்க்கோடியிற் பசுபிக் கடலுக்குள் தொங்குவது. அங்கும், ஒக்கொட்ஸ்க் கடலோரத்திலும் மாத்திரமே கூடு கட்டும் கழுகு ஒன்று உண்டு. 1741இல் பேரிங் என்னும் மாலுமியுடன் அலாஸ்கா வரை சென்ற ஸ்ரெல்லர் என்னும் இயற்கை நூலறிஞரின் பெயரால் அதனை ஸ்ரெல்லர் கடற்கழுகு என்பர். நமது கரையோரத்து வெள்ளை வயிற்றுக் கடற்கழுகுக்கு இது உறவு முறை. ஆனால் பருமனில் மிக மிஞ்சியது. ஒன்பது கிலோ வரை நிறை. சிறகை விரித்தால் இரண்டு மீற்றருக்கு மேல். கரிய உடல், வெண்ணிறத் தோள், வெண்ணிற வால், முகத்தையே மறைப்பதுபோன்ற மஞ்சள் அலகு. மாரியிலே பல கழுகுகள் யப்பானின் ஹொக்கைடோ தீவுக்கு வந்து, மிதக்கும் பனிப்பாளங்களின்மேல் அமர்ந்து மீன் தின்னும். உலகம் முழுவதிலும் சில ஆயிரங்களே எஞ்சியுள்ளன.

இக்கழுகுகளுள் ஒன்று 2020 ஓகஸ்ட் மாதத்தில் அலாஸ்காவின் உள்நாட்டிலே காணப்பட்டது. அவ்வளவிற் பெரிய வியப்பில்லை. அலாஸ்கா அண்டை நிலமே. 2021 மார்ச்சில் வெப்பமான ரெக்சாஸிலே இத்தகைய கழுகின் படம் ஒன்று எடுக்கப்பட்டது. அதுவும் இதுவே என்று பலர் கருதுகின்றனர். அவ்வாண்டுக் கோடையிற் கிழக்குக் கனடாவிற் காணப்பட்டது. நவம்பரில் நோவா ஸ்கோஷியா. டிசெம்பரில் மசசூசெற்ஸ் மாநிலத்து ஆறு ஒன்றின் கரை. டிசெம்பர் 30ஆந் தேதி மெயின் மாநிலத்து ஜோர்ஜ்டவுண் என்னும் கடலோர ஊர். சிறகில் இருந்த வெள்ளைத் தழும்பு போன்ற அடையாளத்தைக் கொண்டு இது அலாஸ்காவிற் கண்ட அதே கழுகு என்று உறுதிசெய்தனர். காம்சத்காவிலிருந்து ஜோர்ஜ்டவுண், நேர்கோடாக அளந்தாலே 8,000 கிலோமீற்றருக்கு மேல்.

புத்தாண்டு நாட்களில் அச்சிற்றூரின் துறைமுகத்தில் வாகனம் நிறுத்த இடமில்லை. கைவிரல் விறைக்கும் குளிரில், இறால் பிடிக்கும் படகுகள் நிற்கும் துறையிலே, மக்கள் வரிசையாக நின்று எதிர்த் தீவின் மரங்களைப் பார்த்தனர். கழுகு சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது. இரவெல்லாம் வண்டியோட்டி வந்து, காணாமலே திரும்பியோரும் உண்டு. அந்நாட்டு வெண்டலைக் கழுகு ஒன்று அருகே அமர்ந்தபோது, தம் நாட்டின் சின்னமாகிய அப்பறவை ஒரு காகம்போற் சிறுத்துத் தோன்றியதைக் கண்டு அமெரிக்கர் வியந்திருப்பர்.

இக்கழுகுக்குக் குளிர் ஒரு பொருட்டன்று. உறைகடலின் ஓரத்தில் மீன் பிடிப்பது அதன் குலத்தொழில். காம்சத்காவுக்கும் மெயினுக்கும் இடையில் ஒரு பூகோளார்த்தமே கிடந்தாலும், பாறையும் மீனும் பனியும் இரண்டுக்கும் பொது. முன்னைய பருந்து வழியையும் இழந்தது, தனக்கு ஒத்த நிலத்தையும் இழந்தது. கழுகு வழியை இழந்தும் நிலத்தை இழக்கவில்லை. அந்த ஒரு வேறுபாடே ஒன்றைச் சாகவைத்தது, மற்றதை வாழவைத்தது.

பறவைகள் ஏன் இவ்வாறு வழிதவறுகின்றன? புயல் அடித்துச் செல்வதுண்டு. முதன்முறை பயணம் செய்யும் இளம் பறவையின் உள்ளே பொதிந்துள்ள திசையுணர்ச்சி பிசகிவிடுவதும் உண்டு. சில பறவைகள் புதிய இடம் தேடி அலைகின்றன போலும். இவ்வலைச்சல் எப்பொழுதும் வீணாவதில்லை. நம் வயலில் மாட்டின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கை எண்ணிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வினத்துப் பறவைகள் சில, ஆபிரிக்காவிலிருந்து அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து தென்னமெரிக்காவின் வடகரையை அடைந்தன. 1950களில் வட அமெரிக்காவிலும் கூடு கட்டத் தொடங்கிவிட்டன. இன்று அங்கே மாடு மேயும் புல்வெளிகளில் அது புதுமைப் பறவை அன்று. முதலில் வந்திறங்கிய கொக்கை எவரேனும் கண்டிருந்தால், பாவம், வழிதவறியது என்றே சொல்லியிருப்பார்.

ஆனால் கொக்குகள் கூட்டமாகச் சென்றன. கழுகோ ஒன்று. துணையில்லாத பறவை குடியேற்றம் எதனையும் தொடங்க முடியாது. பல்லாண்டு வாழும் இனமாதலால் அத்தனிமையும் நீண்டதாகவே இருக்கும். துணை தேடும் குரலை அது அங்கே எழுப்பினாலும், மறுமொழி தரத்தக்க தன்னினப் பறவை அக்கண்டத்தின் கிழக்குக் கரை முழுவதிலும் இல்லை. தூரத்திலிருந்து வந்து பார்த்தவர் எல்லாரும் அதனைக் கண்ட நாளைப் பொன்னாள் என்றனர். கழுகின் கணக்கில் அது எந்த நாளோ, நாம் அறியோம்.

2022 மார்ச்சுக்குப் பின் அது மெயினை விட்டு நீங்கிற்று. அவ்வாண்டிலேயே கனடாவின் நியூபவுண்லாந்துத் தீவிற் காணப்பட்டது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் ஜோர்ஜ்டவுண் அயலுக்கு வந்து சில நாள் தங்கியது. பின்னர் மீண்டும் நியூபவுண்லாந்து. அங்கே திரினிற்றி என்னும் பழைய மீன்பிடி ஊரின் குடாவிலே, செங்குத்தான பாறைகளுக்கு மேல், அதனைப் பலமுறை கண்டிருக்கின்றனர். திமிங்கிலம் காட்ட உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுக்காரர், கழுகு இருக்கும் மரம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்திக்கொள்வர். அது தலையைத் திருப்பி ஒருமுறை பார்க்கும். பின் கடலை நோக்கும்.