குடும்ப வழக்கும் வழக்கறிஞரும்



களியக்காவிளையைக் கடந்தால் பாறசாலை. அதற்கும் அப்பால் நெய்யாற்றின்கரை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்ததேயன்றி, பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. ஆகவே மணவாழ்வில் பிணக்கு நேரும்போது, தமிழ் மட்டுமே படித்த பெண் மலையாளத் தாள்களின் முன் நிற்க நேர்கிறது.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் அப்படித்தான் நடந்தது. குழித்துறைப் பக்கத்துப் பெண், பாறசாலையில் வாழ்க்கைப்பட்டவர். வெளிமாநிலத்தில் வேலை பார்த்த அண்ணன் மாதந்தோறும் பணம் அனுப்பினார், வழக்கும் நடந்தது. ஒருநாள் வக்கீல் குமாஸ்தா ஒரு தாளை நீட்டி, "ஒப்பு" என்றார். அவர் கையெழுத்திட்டார். பின்னர் அத்தாளை நாம் படித்துப் பார்த்தபோது, தம் நகைகள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அதில் எழுதியிருந்தது. நகையோ வந்து சேரவில்லை. மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து, தமிழில் சம்மதம். அப்பெண் கொடுத்தது கையெழுத்து. தாள் எடுத்துக்கொண்டது சம்மதம். அதைச் சரிசெய்ய ஈராண்டு அலைந்தார்கள்.

ஆகவே வழக்கறிஞரைத் தேடும்போது, அவர் புகழை விசாரிப்பதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும்: "ஒவ்வொரு தாளையும் தமிழில் படித்துச் சொல்வீர்களா?" வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்ள விதிகள் இடந்தருவதில்லை, எனவே விசாரித்தே அறிய வேண்டும். வழக்கறிஞர் சட்டத்தின் 30-ஆவது பிரிவு 2011-இல் நடைமுறைக்கு வந்ததால், குழித்துறை வழக்கறிஞரும் நெய்யாற்றின்கரைக் குடும்ப நீதிமன்றத்திற்கு வரலாம். ஆனால் அங்குள்ள தாள்களை அவர் படிக்கவல்லவரா என்பதையும், பயணச் செலவு யாருடையது என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்க. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, வழக்கறிஞர் வைத்துக்கொள்வது அங்கே உரிமையன்று; நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

பணமில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞர் உண்டு. நெய்யாற்றின்கரைத் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். வழக்குச் செலவை எதிர்த்தரப்பிடம் கோரும் வழியும் இருக்கிறது. இந்து விவாகச் சட்டத்தின் 24-ஆவது பிரிவும், கிறிஸ்தவர்களுக்குரிய விவாகரத்துச் சட்டத்தின் 36-ஆவது பிரிவும் அதற்கு இடமளிக்கின்றன.

சொந்தச் செலவில் வழக்கறிஞரை வைத்துக்கொள்வோர், வழக்கு முழுமைக்கும் கட்டணம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, நீதிமன்றச் செலவும் குமாஸ்தா செலவும் தனியா என்பவற்றை எழுத்தில் பெறுக. கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு தருமாறு எந்த வழக்கறிஞரும் பேசலாகாது. விதி அதைத் தடுக்கிறது. கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் தாள்களை நிறுத்திவைக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

தில்லியிலும் மும்பையிலும் இருந்து தங்கைக்காகப் பணம் அனுப்பும் அண்ணன்மாரே, பணத்தை வங்கி வழியே அனுப்புங்கள், ரசீது கேளுங்கள். அத்துடன் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்: "அம்மா, படித்துக் காட்டாத தாளில் கையெழுத்திடாதே." பணம் தாமதமாகப் போனால் ஒரு வாய்தா தள்ளிப்போகும், அந்த வார்த்தை போய்ச் சேராவிட்டால் வழக்கே கைநழுவிப் போகலாம்.