மூச்சும் நன்றியும்: சாக்ஸபோன் கலைஞர் கத்ரி கோபால்நாத்

(திருவிழா இசைவிழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

ஆலயத் திருவிழா என்றதும் செவியில் முதலில் விழுவது நாகசுவரமும் தவிலுமே ஆகும். அந்த மங்கல இசை நாள்தோறும் ஒலித்த இல்லத்தில் பிறந்தும், மேலை நாட்டுக் கருவி ஒன்றைக் கையிலேந்தி, அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கிக் காட்டியவர் கத்ரி கோபால்நாத். அன்னார் செய்த சாதகமும், அவர் பேணிய நன்றியுணர்வும் இவ்விடுமுறைக் காலத்தில் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டியவை.

கருநாடக மாநிலம், தென்கன்னட மாவட்டத்தில் 1949ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் கோபால்நாத் பிறந்தார். தந்தையார் தணியப்பா நாகசுவர வித்துவான். தந்தையின் வழியிலேயே நாகசுவரம் பயின்ற சிறுவன், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோன் ஒலிப்பதைக் கேட்டான். கேட்டது முதல் மனம் அதிலேயே நின்றுவிட்டது. ஆயினும், அக்கருவியை வசப்படுத்த அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின என்பர். இருபது வாரம் கற்றுவிட்டு மேடை கேட்கும் காலத்தில் இதனைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

ஏன் இருபது ஆண்டுகள்? கருவியின் அமைப்பிலேயே அதற்கு விடை உண்டு. நாகசுவரத்தில் விரல் நேரே துளையின் மேல் அமர்கிறது. துளையைப் பாதி மூடலாம், மெல்ல விலக்கலாம், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். சாக்ஸபோனிலோ விரல் துளையைத் தொடுவதே இல்லை. சாவியை அழுத்தினால், அதனோடு இணைந்த மூடி துளையை அடைக்கிறது. சுரங்கள் படிக்கட்டுப் போலத் தனித்தனியே நிற்கின்றன. கமகமோ படிக்கட்டில் ஏறுவதன்று; ஆற்றுநீர் போல இழைந்து ஓடுவது. தோடியிலும் பைரவியிலும் கமகத்தை நீக்கிவிட்டால் இராகமே இல்லை. எனவே விரலால் முடியாததை உதட்டின் அழுத்தத்தாலும், தாடையின் அசைவாலும், மூச்சின் அளவாலும், சாவியை முழுதும் அழுத்தாது நிறுத்தும் நுட்பத்தாலும் செய்தாக வேண்டும். இதற்குப் பாடநூல் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. வாசித்து வாசித்தே வழி காண வேண்டியிருந்தது.

இக்கருவியைப் படைத்தவர் பெல்ஜிய நாட்டினரான அடால்ஃப் சாக்ஸ். பிரான்சு நாட்டில் 1846ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஏழு மாதங்களுக்குள், 1847 ஜனவரியில், திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்தார். ஒன்றையொன்று அறியாத இவ்விரண்டும் பிற்காலத்தில் ஒரே மேடையில் சந்தித்தன என்பது எண்ணி வியக்கத்தக்கது.

மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் கருநாடக இசை பயின்ற கோபால்நாத், பின்னர் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் மாணவரானார். இப்பெரியவர் வாய்ப்பாட்டிலும் மிருதங்கத்திலும் வல்லவர். சாக்ஸபோன் அவருடைய கருவியன்று. அப்படியாயின் சாக்ஸபோன் மாணவர் அவரிடம் எதைக் கற்றார்? பாட்டைக் கற்றார், தாளத்தைக் கற்றார். சாகித்தியத்தைப் பாடத் தெரிந்தவனே அதனைக் கருவியில் பேச வைக்க இயலும். சொல் எங்கே முடிகிறதோ அங்கேதான் மூச்சு வாங்க வேண்டும். நடுவே வாங்கினால் இறைவன் திருநாமமே இரண்டாக உடைந்துவிடும். ஆகவே, புல்லாங்குழலோ, நாகசுவரமோ, சாக்ஸபோனோ எதனைப் பயிலும் பிள்ளையாயினும், வாசிக்கப்போகும் கீர்த்தனையை முதலில் வாய்விட்டுப் பாடிப் பழகுதல் வேண்டும்.

விடுமுறை நாட்களில் மாணவர்கள் இருவகையாகத் தவறுகின்றனர். சிலர் கருவியைப் பெட்டியில் பூட்டிவிடுகின்றனர். வேறு சிலர், திருவிழா மேடை நெருங்குகிறது என்று ஒரே நாளில் நான்கு மணி நேரம் ஊதித் தள்ளுகின்றனர். பின்னது முன்னதைக் காட்டிலும் கெடுதல் என்றே கூறலாம். உதட்டுத் தசை சோர்ந்தபின் வாசிப்பது பயிற்சியன்று. பிழையை மனனம் செய்வதாகும். நாள்தோறும் அரைமணி நேரம் போதும். கைப்பேசியிலேயே சுருதி கிடைக்கும் காலம் இது. சுருதியை ஒலிக்கவிட்டு, ஒரே சுரத்தை மூச்சு உள்ளவரை ஆடாமல் அசையாமல் நீட்டிப் பழகட்டும். அதன்பின் சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசிக்கலாம். முதற்காலத்தில் தடுமாறுபவர் மூன்றாம் காலத்துக்கு ஓடுதல் கூடாது. வேகம் குறையை மறைக்கும், ஆனால் நீக்காது. வாசித்து முடித்ததும் நாணல் நாக்கைக் கழற்றி, ஈரம் துடைத்து வைத்தல் வேண்டும். சிறு வேலைதான், ஆனால் பெற்றோர் நினைவூட்டாவிடில் எப்பிள்ளையும் செய்வதில்லை!

டிசம்பர் என்றால் சென்னையில் இசைவிழாக் காலம். 1927இல் அந்நகரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடைபெற்ற இசை மாநாட்டிலிருந்து முளைத்த விழா அது. சாக்ஸபோனை அந்த இசையுலகம் எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொள்ளவில்லை. பாண்டு வாத்தியத்துக்கு இராகம் எதற்கு என்ற ஐயம் இருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் கையிலெடுத்த வயலினும் ஒருகாலத்தில் அயல்நாட்டுக் கருவியாகவே இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். கோபால்நாத் வாதாடவில்லை, வாசித்தார். வயலினில் கன்னியாகுமரி இணைந்து நிற்க, ஆலாபனை முதல் தனி ஆவர்த்தனம் வரை முழுக் கச்சேரி முறையைச் சாக்ஸபோனில் நிலைநாட்டினார். 1994இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படம் அந்த ஒலியைத் தமிழர் இல்லந்தோறும் சேர்த்தது. அதே ஆண்டில் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பிபிசி நடத்தும் புகழ்பெற்ற இசைவிழாவிலும் அவர் வாசித்தார். 2004இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019 அக்டோபர் 11ஆம் நாள் மங்களூரில் இயற்கை எய்தினார்.

இனி, நன்றியுணர்வைப் பற்றி. டி. வி. கோபாலகிருஷ்ணனின் குருநாதர் செம்பை வைத்தியநாத பாகவதர். கோபால்நாத்தின் தொடக்கக் கச்சேரி, செம்பையின் நினைவாக அமைந்த அறக்கட்டளையின் மேடையிலேயே நிகழ்ந்தது. குருவின் குருவுக்குச் செலுத்தும் காணிக்கையாகவே அவ்விசைப் பயணம் தொடங்கியது எனலாம். மற்றொன்றும் உண்டு. மங்களூரில் மஞ்சுநாத சுவாமி கோயில் கொண்டிருக்கும் தலம் கத்ரி. புகழ் வந்தபின் அந்த ஊர்ப்பெயரை அவர் உதறிவிடவில்லை. இலண்டன் மேடையேறியபோதும் அவர் கத்ரி கோபால்நாத்தாகவே ஏறினார்.