மாநகராட்சியும் புதிய கங்காணிகளும்

(தொழிற்சங்க ஊழியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

விடியுமுன் தெருவில் இறங்கிக் கூட்டுகிறார் ஒரு தாய். அவர் கூட்டுவது மாநகராட்சியின் தெரு. அவர் அள்ளுவது மாநகராட்சிக்கு வரி கட்டும் மக்களின் குப்பை. வார்டில் அவர் வேலையைப் பார்வையிடுபவர் மாநகராட்சியின் துப்புரவு ஆய்வாளர். ஆனால், “அம்மா, நீங்கள் யாரிடம் வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். மாநகராட்சியின் பெயரை அவர் சொல்லமாட்டார். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்வார். சென்ற டெண்டரில் வேறு பெயர். வருகிற டெண்டரில் இன்னொரு பெயர். தெரு மாறவில்லை, துடைப்பம் மாறவில்லை, கூட்டுகிற கையும் மாறவில்லை. முதலாளியின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது!

இந்த மாயம் எப்படி நடக்கிறது? யாருடைய நன்மைக்காக நடக்கிறது? அதை விளங்கிக்கொள்ளாமல் நகரத் தொழிலாளர் இயக்கத்தை ஓரடி கூட முன்னே கொண்டுசெல்ல முடியாது.

ஆள் அனுப்பும் வியாபாரம்

குப்பை அள்ளுகிறவரோடு இது நிற்கவில்லை. கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறவர், வண்டி ஓட்டுநர், காவலர் என்று ஆள் அனுப்பும் ஏஜென்சி நுழையாத பிரிவைக் காண்பது அரிதாகி வருகிறது. முறை மிக எளியது. நிரந்தர ஊழியர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. வேலை குவிகிறது. “தற்காலிகத் தேவை” என்று கோப்பு எழுதப்படுகிறது. இத்தனை தலைகள், இத்தனை மாதம் என்று டெண்டர் விடப்படுகிறது. ஏஜென்சி பில் அனுப்புகிறது: கூலி இவ்வளவு, பிராவிடண்ட் பண்டு இவ்வளவு, ஈ.எஸ்.ஐ. இவ்வளவு, அதற்கு மேல் சேவைக் கட்டணம் இவ்வளவு.

இந்த ஏஜென்சி புதிதாக ஆள் கொண்டுவருகிறதா? பல இடங்களில் இல்லை, தோழர்களே! பல்லாண்டாக அங்கேயே உழைத்தவர்களிடம் புதிய கம்பெனியின் படிவத்தை நீட்டி, “இதில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேலை இல்லை” என்கிறார்கள். நேற்று வரை சேர்ந்த பணிக்காலம் ஒரே கையெழுத்தில் கரைகிறது. பணிக்கொடைக்குத் தொடர்ச்சியாக 5 ஆண்டுப் பணி வேண்டும். 2 ஆண்டுக்கொரு முறை முதலாளியின் பெயர் மாறினால் அந்த 5 ஆண்டு எப்போது நிறையும்? 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி என்று 1981-ம் ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் செய்தது. பெயர் மாற்றும் வித்தை அந்தக் கணக்கையும் குலைக்கத்தான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 தொழிலாளர், தலைக்கு மாதம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 கோடி. ஏஜென்சிக்கு நூற்றுக்கு 5 கட்டணம் என்றால் மாதம் 10 லட்சம். ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம். வேலையைப் பிரித்துக் கொடுப்பது மாநகராட்சியின் மேற்பார்வையாளர். பணம் மக்களின் வரிப்பணம். அப்படியானால் இந்த 1 கோடியே 20 லட்சத்துக்கு ஏஜென்சி செய்த தொண்டுதான் என்ன? போட்டியில் கட்டணத்தை மிகக் குறைத்துக் கேட்கும் ஏஜென்சி தருமம் செய்ய வந்ததா? அல்ல. அதன் லாபம் வேறிடத்தில் இருக்கிறது. நாள் குறைத்து எழுதுவதில் இருக்கிறது. பிடித்த பிராவிடண்ட் பண்டைக் கட்டாமல் இழுத்தடிப்பதில் இருக்கிறது. சீருடைக்கென்று கூலியில் கை வைப்பதில் இருக்கிறது.

தலைக்காசு வாங்கியவன் கதை

இது தமிழனுக்குப் புதிய கதையா? நம் பாட்டன்மாரைக் கண்டிச் சீமைக்கும் மலாயாவுக்கும் ஓட்டிச் சென்றவன் கங்காணி. இலங்கைத் தோட்டத்தில், வேலைக்கு இறங்கிய ஆளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தான் வெள்ளைத் துரை. கூலி கேட்டால் துரை கங்காணியைக் காட்டுவான். கங்காணி துரையைக் காட்டுவான். இன்று கங்காணிக்குத் தலைப்பாகை இல்லை. கம்பெனிப் பதிவு எண் இருக்கிறது. தலைக்காசு என்ற பெயர் போய்ச் சேவைக் கட்டணம் என்ற பெயர் வந்திருக்கிறது. கைகாட்டும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது!

ரிப்பன் மாளிகை வாசலில்

சென்னையைப் பாருங்கள். 2000-ம் ஆண்டில் சில மண்டலங்களின் குப்பைப் பணி வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடம் முதன்முதலாக ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் கம்பெனிகள் வந்தன, போயின. 15 மண்டலங்களில் பெரும்பாலானவை தனியார் வசமாயின. 2025-ம் ஆண்டில் 5-வது மண்டலமான இராயபுரமும் 6-வது மண்டலமான திரு.வி.க. நகரும் அந்த வரிசையில் சேர்க்கப்பட்டன. அங்கே உழைத்த ஏறத்தாழ 2,000 பேரும் அதற்கு முன்னும் நிரந்தர ஊழியரல்லர். நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சுயஉதவிக் குழு என்ற திரைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டவர்கள். அந்தத் திரையையும் விலக்கிவிட்டு, அதைவிடத் தடித்த திரை போடப்பட்டது. ஏறத்தாழ 23,000 ரூபாயாக இருந்த மாத வருமானம் 16,000 அளவுக்கு இறங்கிவிடும் என்று அவர்கள் கதறினார்கள்.

ஆகஸ்டு 1 முதல் 13 நாள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் அமர்ந்தார்கள். அவர்களில் மிகப் பலர் பெண்கள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர்கள். நடைபாதையை விட்டு அகற்றும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. மறுநாளே இலவசக் காலை உணவு முதலிய நலத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. உணவு வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் அவர்கள் கேட்டது சோறல்ல, “எங்கள் முதலாளி யார்?” என்ற ஒரே கேள்விக்குப் பதில். 1918-ம் ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்க்கப் பாடுபட்டவர் திரு.வி.க. அவர் பெயரைத் தாங்கிய மண்டலத்திலேயே இது நடந்தது!

சட்டம் கேட்கும் கேள்வி

“சட்டம் அனுமதிக்கிறதே!” என்பார்கள். சட்டத்தையும் பார்ப்போம். 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் அளித்தது. தடை வந்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001-ம் ஆண்டில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. ஒப்பந்தம் வெறும் பொய்த் திரை என்று நிரூபித்தால் வழி உண்டு என்றும் கூறியது. அந்தப் பழைய சட்டம் இன்று இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டம் அதை விழுங்கிவிட்டது. முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே சட்டம் பாயும். இப்போது 50 பேர் வேண்டும்.

புதிய சட்டம், நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது. சில விலக்குகளும் வைத்திருக்கிறது. கூட்டுவதும் குப்பை அகற்றுவதும் மையப் பணியாகா என்கிறது. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த நிறுவனம் அந்தப் பணிக்கென்றே ஏற்பட்டதாக இல்லாதிருந்தால்தான் அப்படி! தோழர்களே, பஞ்சாலை குப்பை அள்ளுவதற்காக ஏற்பட்டதல்ல, சரி. மாநகராட்சி எதற்காக ஏற்பட்டது? 1992-ம் ஆண்டின் 74-வது திருத்தம் அரசியல் சட்டத்தில் சேர்த்த 12-வது அட்டவணை, பொதுச் சுகாதாரமும் துப்புரவும் திடக்கழிவு மேலாண்மையும் நகராட்சியின் பொறுப்புக்குரியவை என்று சொல்கிறது. நகரைத் துப்புரவாக வைத்திருப்பது மாநகராட்சியின் மையப் பணி இல்லையென்றால், வேறெது மையப் பணி? இந்தக் கேள்வியை மன்றத்திலும் மக்களிடத்திலும் நாம் எழுப்ப வேண்டும்.

“முறையான தேர்வின்றி வந்தவர்களை நிரந்தரமாக்கலாகாது என்று 2006-ம் ஆண்டுத் தீர்ப்பு இருக்கிறதே” என்பார்கள். மத்திய நீர் ஆணையத்தில் நெடுங்காலம் உழைத்த துப்புரவுத் தொழிலாளரையும் தோட்டப் பணியாளரையும் நீக்கிவிட்டு, அதே வேலையை ஏஜென்சியிடம் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அவர்களைப் பணியில் சேர்த்து முறைப்படுத்த ஆணையிட்டது. 2006-ம் ஆண்டுத் தீர்ப்பைச் சுரண்டலுக்குக் கேடயமாக்குவதையும் கண்டித்தது.

முடியாததல்ல

பம்பாயில் மாநகராட்சி, 20 பேருக்குக் குறைவாக ஆள் வைத்த சிறு சிறு காண்டிராக்டுகளாகப் பிரித்துச் சட்டத்தை ஏமாற்றுகிறது என்று தொழிற்சங்கம் வழக்காடியது. வருடக்கணக்கில் போராடி, 2017-ம் ஆண்டில் 2,700 துப்புரவுத் தொழிலாளரை நிரந்தரமாக்கும் தீர்ப்பை உச்சநீதிமன்றத்தில் நிலைநாட்டியது. பெங்களூரில் முதலில் காண்டிராக்டரை விலக்கி நேரடிச் சம்பளம். பிறகு 2025-ம் ஆண்டு மே தினத்தன்று 12,000-க்கும் மேற்பட்ட துப்புரவுத் தொழிலாளருக்கு நிரந்தரப் பணி ஆணை. இரண்டும் மாநகராட்சிகள்தாம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

எல்லாத் தற்காலிக வேலையும் தவறு என்று நாம் சொல்லவில்லை. 2015-ம் ஆண்டு வெள்ளத்தில் வெளி மாவட்டத் தொழிலாளர் சென்னைக்கு வந்து சேற்றை அள்ளினார்கள். அது தற்காலிக வேலை. வேலை தற்காலிகமானால் ஆளும் தற்காலிகமாயிருக்கலாம். வேலை என்றும் இருக்கும், ஆள் மட்டும் தற்காலிகம் என்பதுதான் மோசடி!

ஆகவே, தோழர்களே, உங்கள் நகரில் வார்டு வார்டாகச் செல்லுங்கள். மூன்று செய்திகளைக் கேட்டு எழுதுங்கள். எத்தனை ஆண்டாக இந்த வேலை? இதுவரை எத்தனை கம்பெனிப் பெயர்? தினமும் வேலை ஏவுகிறவர் யார்? சம்பளச் சீட்டு, பிராவிடண்ட் பண்டு எண், வருகைப் பதிவு, அடையாள அட்டை எதையும் தொலைக்கவிடாதீர்கள். நாளை திரையைக் கிழிக்கும் ஆயுதங்கள் அவையே. காண்டிராக்டர் கூலி தராவிட்டால் அதைத் தரும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருக்கு உண்டு என்று புதிய சட்டமும் சொல்கிறது. அதை ஒவ்வொரு தொழிலாளிக்கும் சொல்லுங்கள். நிரந்தர ஊழியரையும் ஏஜென்சி ஊழியரையும் ஒரே சங்கத்தில் அமர்த்துங்கள்; ஒருவரைக் காட்டி மற்றவரை மிரட்ட இடம் கொடாதீர்கள். வரி கட்டும் மக்களிடம் அந்தச் சேவைக் கட்டணக் கணக்கை விளக்குங்கள்.

நகரம் மக்களுடையது. அதைத் துலக்கும் கைகளுக்கு அந்த நகரமே முதலாளி. இதை மாநகராட்சியின் பதிவேட்டில் எழுதவைக்கும் வரை நமக்கு ஓய்வில்லை!